வாங்க, ஸ்லைடுக்குள்ளே போகலாம்!

ஒரு கணக்கு போடுவோம். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், இது தித்திப்பான கணக்கு! ஆய்வகத்து வெள்ளை எலியின் சிறுநீரகத்தை நீளவாக்கில் வெட்டினால் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். அதிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, ஸ்லைடு ஸ்கேனருக்குள் அனுப்புகிறார்கள். '40 எக்ஸ்' அமைப்பில் அந்த ஸ்கேனர் கால் மைக்ரானுக்கு ஒரு பிக்சல் வீதம் படம் பிடிக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, நீளத்தில் 60,000 பிக்சல், அகலத்தில் 40,000 பிக்சல். பெருக்கிப் பாருங்கள்: 240 கோடி பிக்சல்கள்! மேசைக் கணினித் திரையில் ஒரு பிக்சல் சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கும். எனவே இந்தப் படத்தைத் துளியும் சுருக்காமல் விரித்தால் 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு கல்யாண மண்டபத்தின் தரை முழுக்க ஒற்றை எலிச் சிறுநீரகம்!

அந்தப் படத்தைத் திரையில் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை. எனக்கோ அதைவிடப் பெரிய ஆசை, அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று பார்ப்பதில். ஹிஸ்டாலஜி அறை என்று சொல்லப்படும் அந்தத் திசு ஆய்வறைக்குள் நுழைந்தாலே எனக்குக் கால் தரையில் பாவாது. மெழுகு வாசனை, சைலீன் நெடி, ஊதாக் கறை படிந்த தொட்டி, பென்சிலால் எண் எழுதிய, திசு வைக்கும் சின்னச் சின்னக் கேசட்டுகள். ஏன் பென்சில் தெரியுமா? பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். பென்சில் கோடு எதற்கும் அசையாது. கோடி ரூபாய்க் கருவி நிற்கும் ஆய்வகத்திலும் மாதிரியின் அடையாளத்தைக் கடைசிவரை சுமந்து வருவது ஒரு பென்சில் கோடுதான். எவ்வளவு அழகு!

திசுவை எடுத்தவுடன் ஃபார்மலினில் போட வேண்டும். தாமதமானால் செல்களுக்குள் இருக்கும் நொதிகள் செல்லையே கரைக்கத் தொடங்கிவிடும். ஃபார்மலின் உள்ளே ஊறும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதனால் பெரிய துண்டாகப் போட்டால் வெளிப்புறம் பதப்பட்டிருக்கும், நடுப்பகுதி கெட்டிருக்கும். பிறகு மெழுகு ஏற்றுவது. இங்கேதான் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. திசு முழுக்கத் தண்ணீர். தண்ணீரும் மெழுகும் சேராது. எனவே முதலில் ஆல்கஹால் வந்து தண்ணீரை வெளியேற்றுகிறது. ஆல்கஹாலும் மெழுகோடு சேராது; ஆகவே சைலீன் வந்து ஆல்கஹாலை வெளியேற்றுகிறது. சைலீன் மெழுகோடு கைகோக்கும். எனவே சுமார் 60 டிகிரியில் உருகிய பாரஃபின் வந்து சைலீனின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இரவு முழுக்க இந்த மாற்றல் நடக்கும். காலையில் கதவைத் திறந்தால், நேற்று ஈரமாக இருந்த சிறுநீரகம் இன்று மெழுகுச் சிறுநீரகம்!

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கட்டிங்!

சீவல் வெட்டும் கருவியான மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். முதல் உத்தரவு: "ஃபேனை நிறுத்துங்க!" சென்னை மே மாதமாக இருந்தாலும் சரி, கட்டிங் நடக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. ஓடினால் ரிப்பன் பறந்துவிடும். பிளாக்கை, அதாவது திசு பதிந்த மெழுகுக் கட்டியை, ஐஸில் வைத்து இறுக்கமாக்கி, கருவியில் மாட்டி, கைச்சக்கரத்தைச் சீராகச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிளாக் 4 அல்லது 5 மைக்ரான் முன்னால் நகர்ந்து கத்தியில் இறங்குகிறது. ஒரு சீவலின் ஓரம் அடுத்த சீவலின் ஓரத்தோடு தானாக ஒட்டிக்கொண்டு நீண்ட ரிப்பனாக வருகிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7, 8 மைக்ரான். அதாவது இந்த அக்கா கையால் சக்கரம் சுற்றி வெட்டும் சீவல், ஒரு சிவப்பணுவின் அகலத்தைவிட மெல்லியது! செல்களையே குறுக்கே அரிகிறார், வானொலியில் பாட்டு கேட்டுக்கொண்டே.

ரிப்பனைத் தூரிகையால் ஏந்தி, 40-45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விடுகிறார். சுருக்கங்கள் எல்லாம் நம் கண் முன்னாலேயே விரிகின்றன. ஸ்லைடைத் தண்ணீருக்கு அடியில் சாய்வாக நுழைத்து, ஒரே தூக்கில் சீவலை ஏந்தி எடுக்கிறார். சில ஆய்வகங்களில் சீவல் உரிந்து போகாமல் இருக்க ஸ்லைடில் என்ன பூசுகிறார்கள் தெரியுமா? முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும்! மேயர் ஆல்புமின் என்று பெயர். விரல் நுனியால் மிக லேசாகத் தடவ வேண்டும். அதிகமானால் பின்னணி முழுக்க இளஞ்சிவப்பு பூத்துவிடும். ஏனென்றால் அதுவும் புரதம்தானே, சாயம் அதையும் விட்டுவைக்காது.

ஒரு பிளாக் முடிந்து அடுத்த பிளாக் வெட்டுவதற்கு முன், தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் துடைத்து எடுப்பார்கள். சும்மா சுத்தத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய பிளாக்கின் துணுக்கு ஒன்று மிதந்துகொண்டிருந்து, அடுத்த ஸ்லைடில் ஒட்டிக்கொண்டால்? எலிச் சிறுநீரகத்தின் ஓரத்தில் திடீரென்று குடல் முளைத்திருக்கும்! லேப் பாஷையில் இதற்கு 'ஃப்ளோட்டர்'. ஆராய்ச்சியில் ஒரு ஃப்ளோட்டர் போதும், ஆளை ஒரு வாரம் அலைக்கழிக்க.

சாயம் ஏற்றும் மேசைக்கு வந்துவிட்டோம். இங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய சீவலுக்குச் சொந்த நிறம் கிடையாது. கண்ணாடியில் ஏதோ ஈரம் காய்ந்த தடம் இருப்பதாகத்தான் தெரியும். அதற்கு உயிர் கொடுப்பது ஒரு மரம். மெக்சிகோவின் காம்பேச்சே கரையோரம் வளரும் லாக்வுட் மரத்தின் வைரக்கட்டையிலிருந்து ஹீமடாக்சிலின் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போட ஸ்பானியர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன அதே மரம்! ஹீமடாக்சிலின் அப்படியே சாயம் ஏற்றாது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹீமடீன் ஆக வேண்டும். கூடவே ஓர் உலோக உப்பு வேண்டும். என்ன உப்பு? படிகாரம்! சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே குடும்பம். படிகாரத்தில் உள்ள அலுமினியம்தான் சாயத்தை உட்கருவோடு பிணைத்து வைக்கிறது.

தொட்டியிலிருந்து தூக்கும்போது சீவல் செவ்வூதா நிறத்தில் இருக்கும். அதைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடிக்கிறார்கள். சில நிமிடங்களில் செவ்வூதா மெல்ல நீலமாகிறது! தண்ணீரின் லேசான காரத்தன்மைதான் காரணம். 'புளூயிங்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கோ கைதட்டத் தோன்றும். பிறகு இயோசின். உட்கருவைச் சுற்றியுள்ள எல்லாம் இளஞ்சிவப்பு. நீல உட்கரு, இளஞ்சிவப்பு உடல்: இதுதான் 'எச் அண்ட் ஈ', உலகெங்கும் திசு ஆய்வறைகளின் அன்றாடச் சாயம். 1870களில் சேர்ந்த ஜோடி, இன்னமும் பிரியவில்லை.

சிறுநீரகம் என்றால் கூடுதலாக ஒரு விருந்து உண்டு: பி.ஏ.எஸ். சாயம். பெரியோடிக் அமிலத்தில் நனைத்தால், திசுவில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் திறந்து ஆல்டிஹைடுகளாகின்றன. அடுத்து ஷிஃப் கரைசல். ஹூகோ ஷிஃப் என்ற வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது. புட்டியில் பார்த்தால் நிறமே இல்லாத திரவம். ஆல்டிஹைடு பட்டால் கத்தரிப்பூ நிறத்தில் எரிகிறது. ஓடும் தண்ணீரில் கழுவக் கழுவ நிறம் இன்னும் ஏறுகிறது. நிறமற்ற புட்டிக்குள்ளிருந்து, சிறுநீரகத்தின் இரத்த வடிகட்டிகளான குளோமெருலஸ்களின் சவ்வு மொத்தமும் கோடு பிடித்த மாதிரி எழுந்து நிற்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது!

சாயம் முடிந்தால் ஒரு துளி டி.பி.எக்ஸ். பசை, மேலே கவர்ஸ்லிப். காற்றுக் குமிழி வரக்கூடாது. கண்ணாடி மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஊசி முனையில் தாங்கி, மெதுவாக இறக்க வேண்டும். காய்வதற்கு விட வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு இளம் ஆய்வு மாணவர்களிடம் பொறுமை இருப்பதில்லை, அதன் விலை அடுத்த அறையில் தெரிந்துவிடும்.

அடுத்த அறை குளிரூட்டப்பட்டது, தூசி குறைவு, செருப்பு வெளியே. உள்ளே ஸ்கேனர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். பெரிய கருவிகளில் ஒரே நேரத்தில் 300, 400 ஸ்லைடுகளை அடுக்கலாம். ஒரு இயந்திரக் கை அடுக்கிலிருந்து ஒன்றை உருவுகிறது. முதலில் மேலோட்டமாக ஒரு படம், கூடவே ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கிறது. திசு எங்கே இருக்கிறது, வெறும் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தானே வரையறுக்கிறது. பிறகு திசுவின் மேல் பல புள்ளிகளில் நின்று நின்று ஃபோகஸ் பார்க்கிறது. ஏன் பல புள்ளிகள்? ஸ்லைடு நமக்குத்தான் தட்டை. இந்த லென்ஸுக்கு அது மேடும் பள்ளமும். 0.75 துளையெண் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) கொண்ட லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரே ஒரு மைக்ரான்! சீவலின் தடிமனே 4, 5 மைக்ரான். எனவே சீவலுக்குள் எந்த மட்டத்தில் நிற்பது என்பதைப் புள்ளி புள்ளியாக அளந்து, மேடு பள்ளத்துக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு, அதன்படி லென்ஸை ஏற்றி இறக்கியபடியே பட்டை பட்டையாகப் படம் எடுத்துப் போகிறது. பட்டைகளைக் கோத்து ஒரே படமாக்குகிறது. ஓரிரு நிமிடத்தில் அந்த 240 கோடி பிக்சலும் தயார். சுருக்காமல் வைத்தால் 7 ஜிகாபைட்டுக்கு மேல். சுருக்கினால் சில நூறு மெகாபைட்.

இந்தப் பெட்டிக்கு மனிதக் கண்ணின் பெருந்தன்மை கிடையாது. நுண்ணோக்கியில் உட்காரும் பேராசிரியர், சீவலில் ஒரு மடிப்பு இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஸ்கேனர் தாண்டாது. மடிப்பு இருக்கும் இடம் இரட்டைத் தடிமன், அங்கே ஃபோகஸ் போச்சு. கவர்ஸ்லிப் மேல் ஒரு தூசி இருந்தால், சில சமயம் ஃபோகஸ் அந்தத் தூசியில் போய்ப் பூட்டிக்கொள்ளும். தூசி அபாரத் தெளிவு, திசு மங்கல்! யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தால் அதையும் திசு என்று நம்பிப் படம் எடுக்கும். கொழுப்புத் திசுவைப் போல வெளிறியிருந்தாலோ, 'இங்கே ஒன்றுமில்லை' என்று விட்டுவிடும். கவர்ஸ்லிப் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இயந்திரக் கை மாட்டிக்கொள்ளும். டி.பி.எக்ஸ். காயாத ஸ்லைடு அடுக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். மைக்ரோடோம் கத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால்கூட, படத்தில் குறுக்கே நேர்கோடாக ஓடும்.

அதனால்தான் சொல்கிறேன்: டிஜிட்டல் ஸ்லைடின் தரம் பாதிக்கு மேல் அந்த வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் ஸ்கேனரின் மாடல் எண் வருகிறது, மென்பொருளின் பதிப்பு எண் வருகிறது. வெட்டியவர், சாயம் ஏற்றியவர் பெயர் வருவது அபூர்வம். வர வேண்டும். இது என் திடமான கருத்து.

சரி, படம் சர்வரில் ஏறிவிட்டது. திறப்போம்! இவ்வளவு பெரிய கோப்பு எப்படிக் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கிறது? ஒரே படத்தைப் பல அளவுகளில் படிப்படியாகச் சுருக்கி, அடுக்கடுக்காக ஒரே கோப்பில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கும். நாம் எந்த இடத்தை, எந்த அளவில் பார்க்கிறோமோ, அந்தச் சதுரங்கள் மட்டும் வரும். கைபேசி வரைபடத்தில் ஊரைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நடப்பதும் இதே உத்திதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்கேனர் தயாரிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கோப்பு வடிவம். ஒருவரின் படத்தை இன்னொருவரின் மென்பொருள் திறக்காது. அந்தப் பூட்டை உடைத்தவற்றில் முக்கியமானது 'ஓப்பன்ஸ்லைடு' என்ற திறந்த மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2013இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் மகாதேவ் சத்யநாராயணன். 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர்! இன்று உலகின் எந்த மூலையிலாவது ஒரு ஆய்வு மாணவி நான்கு வரி நிரல் எழுதி ஒரு ஸ்லைடைத் திறக்கிறாள் என்றால், அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்த மென்பொருள்தான்.

திறந்த பிறகு கொண்டாட்டம். 'க்யூபாத்' என்ற மென்பொருள் இருக்கிறது. பீட்டர் பேங்க்ஹெட் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கியது, 2017இல் கட்டுரையாக வெளிவந்தது, முழுக்க இலவசம். எலிச் சிறுநீரகத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்குங்கள். குளோமெருலஸ் ஒன்று உருண்டையாக நிற்கிறது. அதன் விட்டம் 100 மைக்ரானைத் தாண்டும், ஆக 400 பிக்சலுக்கு மேல். ஒரு எலிச் சிறுநீரகத்தில் ஏறக்குறைய 30,000 இருக்கின்றன. இந்த ஒரு சீவலிலேயே நிறைய வெட்டுப்பட்டிருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி, தாளில் கோடு போட்டு எண்ணினார்கள். இப்போது எல்லாவற்றையும் வட்டமிட்டு, பரப்பளவு, தழும்பின் அளவு, உட்கருக்களின் எண்ணிக்கை என்று அட்டவணையாக எடுக்கலாம். எந்த எலிக்கு மருந்து கொடுத்தது, எந்த எலிக்குக் கொடுக்கவில்லை என்பது தெரியாதபடி கோப்புப் பெயரை மறைத்துவிட்டு அளக்கலாம். மூன்று வருடம் கழித்து யாராவது 'எந்தக் குளோமெருலஸை எண்ணினீர்கள்?' என்று கேட்டால், அதே இடத்துக்கு அவரை அழைத்துப்போகலாம். கண்ணாடி ஸ்லைடில் நிறம் மங்கியிருந்தாலும் கவலையில்லை.

நிறங்களைப் பிரிக்கும் வித்தையும் உண்டு. திசுவின் ஒரே புள்ளியில் நீலச் சாயமும் பழுப்புச் சாயமும் கலந்திருந்தால், எது எவ்வளவு என்று கணித்துத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துவிடலாம். ரைஃப்ராக், ஜான்ஸ்டன் இருவரும் 2001இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு சாயமும் சிவப்பு, பச்சை, நீல ஒளியை எந்த விகிதத்தில் விழுங்குகிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. லாக்வுட் மரத்தின் சாறும் கணினியின் கணிதமும் கைகுலுக்கும் இடம் இது!

குறை இல்லையா? இருக்கிறது. ஒரே ஸ்லைடை இரண்டு ஸ்கேனர்களில் எடுத்தால் இளஞ்சிவப்பு ஒன்றில் பீட்ரூட்டாகவும் மற்றதில் ரோஜாவாகவும் வரும். கணினிக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இது தலைவலி. நுண்ணோக்கியில் திருகைத் திருகி மேலும் கீழும் பார்க்கும் சுகம் திரையில் இல்லை. வேண்டுமென்றால் பல மட்டங்களில் படம் எடுக்கலாம், ஆனால் கோப்பின் அளவும் அத்தனை மடங்காகும். அமெரிக்காவில் முழு ஸ்லைடு ஸ்கேன் முறை ஒன்றை வைத்து நோயாளிகளுக்கு முதல்நிலை நோயறிதல் செய்ய அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்ததே 2017 ஏப்ரலில்தான். ஆய்வுக்கூடங்கள் அதற்கு வெகு முன்பே இதில் முழுகிவிட்டன.

இப்போது உங்களை ஸ்வீடனுக்கு அழைத்துப்போகிறேன். மத்தியாஸ் ஊலேன் தலைமையில் 2003இல் ஒரு வேலை தொடங்கினார்கள்: மனித உடலின் ஒவ்வொரு புரதமும் எந்தத் திசுவில், எந்தச் செல்லில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவது. மனிதப் புரத வரைபடம், 'ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்'. தனித்தனி ஸ்லைடு போட்டால் ஆயுசு போதாது. எனவே பல பேருடைய திசு பிளாக்குகளிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் சின்னச் சின்ன உருளைகளை எடுத்து, ஒரே பிளாக்கில் வரிசை வரிசையாகப் பதிக்கிறார்கள். அதை வெட்டினால் ஒரே ஸ்லைடில் டஜன் கணக்கான மனிதர்கள்! ஒரு புரதத்தைத் தேடும் ஆன்டிபாடியை அதன் மேல் விட்டால், அந்தப் புரதம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகும். மற்ற உட்கருக்கள் நம் ஹீமடாக்சிலின் நீலத்தில். சாதாரணத் திசுக்களிலிருந்து 144 படங்கள். 216 புற்றுநோயாளிகளிடமிருந்து ஆளுக்கு இரண்டு வீதம் 432. ஆக ஒரு ஆன்டிபாடிக்கு 576 படங்கள். இப்படியே போய், அந்த அட்லஸில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன.

ஒரு கோடி படங்களை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் துள்ளிக் குதித்தேன். மும்பையில்! சாயம் ஏற்றியதும் ஸ்கேன் செய்ததும் ஸ்வீடனின் உப்சாலா. அந்தப் படங்களைத் திரையில் திறந்து, பழுப்பு எவ்வளவு அழுத்தம், எத்தனை செல்களில், செல்லுக்குள் எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தவர்களில் பெரும்பங்கு மும்பையின் நோயியல் மருத்துவர்கள். கண்ணாடி ஸ்லைடுகள் உப்சாலாவை விட்டு அசையவில்லை. ஸ்பெயினின் நரம்பியல் அறிஞர் கஹால் தான் பார்த்த நரம்புச் செல்களைக் கையால் வரைந்த காலத்தில், அவர் பார்த்ததை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் மாட்ரிட்டுக்குப் போக வேண்டும். இன்று உப்சாலாவின் ஸ்லைடை மும்பையும் திருநெல்வேலியும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

நம் சென்னைக்கும் வருவோம். அதற்கு முன் வேறொரு மூளை: ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையமும் கனடாவின் மான்ட்ரியல் குழுவும் சேர்ந்து 2013இல் 'பிக் பிரெய்ன்' என்ற மூளை வரைபடத்தை வெளியிட்டார்கள். 65 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் மூளை, 20 மைக்ரான் தடிமனில் 7,404 சீவல்கள். பெருக்கிப் பாருங்கள், 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்; ஒரு மூளையின் முழு நீளமும் கணக்கில் வந்துவிட்டது! எல்லாவற்றையும் சாயம் ஏற்றிப் படம் எடுத்து, கணினியில் மறுபடி ஒன்றாக அடுக்கி முப்பரிமாண மூளையாக நிறுத்தினார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் எடுத்துக்கொண்டது இன்னும் நுட்பமான வேலை: கருவில் வளரும் மனித மூளை. 14, 17, 21, 22, 24 வாரங்களில் ஐந்து மூளைகள். மொத்தம் 5,132 சீவல்கள் டிஜிட்டலாகின. 2024 டிசம்பரில் வெளியிட்டு, 'தரணி' என்று பெயர் வைத்தார்கள். கருவின் மூளை எவ்வளவு மென்மையானது என்று யோசியுங்கள். அதைக் கிழியாமல், மடியாமல், வரிசை பிசகாமல் வெட்டிச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் எச் அண்ட் ஈ. இன்னொரு பக்கம், ஃபிரான்ஸ் நிசல் மருத்துவ மாணவராக இருந்தபோதே கண்டுபிடித்த நரம்புச் செல் சாயத்தின் வழி. துக்கத்தின் நடுவிலும் சம்மதம் தரும் குடும்பங்கள் இல்லாமல் இப்படிப்பட்ட ஆராய்ச்சி எங்கும் நடக்காது. அவர்களை நினைக்காமல் இந்தப் படங்களைப் பார்க்கக் கூடாது. படத்தில் பெரிதாக்கிப் போங்கள்: மூளையின் உள் ஓரத்தில் பிறந்த இளம் செல்கள் கூட்டமாக அடைந்து நிற்கின்றன, அங்கிருந்து புறணியை நோக்கி அடுக்கடுக்காக நகர்கின்றன. கருவில் நாமும் ஒருநாள் இப்படித்தான் இருந்தோம்!

இதில் எதையும் பார்க்க அடையாள அட்டை வேண்டாம், வெள்ளைக் கோட்டு வேண்டாம், பணம் வேண்டாம். தரணியும் மனிதப் புரத வரைபடமும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்று மாலையே பக்கத்தில் உட்காரவைத்துத் திறங்கள். எங்கே தொடங்குவது என்று திகைத்தால், புரத வரைபடத்தின் தேடல் கட்டத்தில் இன்சுலின் மரபணுவின் குறியீடான ஐ, என், எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, திசுக்களின் பட்டியலில் கணையத்தைத் தேர்ந்தெடுங்கள். கணையம் முழுக்க வெளிறிய நீலமாக இருக்கும். இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மட்டும் அடர்பழுப்பில் தெரியும்.